நாவல்பழம் தின்றால் நாக்கு ஏன் இழுக்கிறது?

திருத்தணி, நாவல்பழத்தால் ஔவையைச் சீண்டிய முருகனின் ஊர்தானே! அங்கே 365 படி ஏறி இறங்கிய களைப்பில் அந்தப் பழத்தைத் தின்றால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். துவர்ப்பு பெரும்பாலும் தொடு உணர்வு. பழத்திலுள்ள டானின், எச்சிலின் வழவழப்புப் புரதங்களைப் பிடித்துத் திரளவைக்கிறது. வாய் உலர்ந்து சொரசொரக்கிறது.

அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் விளையும் மால்பெக் திராட்சையின் சிவப்பு ஒயினிலும் டானின் உண்டு. அங்கே அதைச் சுட்ட மாட்டிறைச்சியோடு குடிக்கிறார்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினை இழுத்துக்கொள்ள, எச்சில் தப்பிக்கிறது. டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதும் பாலிலுள்ள கேசின் புரதத்தால்தான். நாவலுக்குப் பின் இரண்டு வாய் தயிர்சாதம் போதும்.

ஆந்திரக் காரத்தோடு மட்டும் ஒயின் ஒத்துவராது: மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டிவிடும். அதற்கு மோர்தான் சரி.