சுருட்டி வைக்கும் போர்க்களம்

சாப்பாட்டு மேஜையில் வாட்டர்லூ நடத்தத் தேவை கேன்வாஸ், மணல், விரிசலடைக்கும் பசை

நெப்போலியனின் காவல் படை ஏறிவரும் புல்வெளி உண்மையில் ஒரு கேன்வாஸ் துணி: பெயின்டர்கள் தரையில் வண்ணம் சொட்டாமலிருக்க விரிப்பது. புல், சாயமேற்றிய மரத்தூள். சேறு, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் அடைக்கும் அக்ரிலிக் பசை. பொம்மைப் படைகளை வைத்து மேஜைமேல் போர் விளையாடும் பிரிட்டிஷ்காரர்கள் பலருக்கு எதிரியைவிடப் பெரிய தலைவலி இந்தத் தரைதான். குன்றும் வயலுமாகப் பலகையில் செய்து நிரந்தரமாக வைக்க வீட்டில் இடமில்லை. இரவுச் சாப்பாட்டுக்குள் மேஜையைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

தலைவலி பழையது. 1780-இல் பிரன்ஸ்விக்கின் ஹெல்விக் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களை மலை, ஆறு, சதுப்பு என்று பிரித்தார் (நம் ஊர் ஆட்டம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது). கட்டங்களே வேண்டாமென்று முடிவு செய்த பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1812-இல் மன்னர் மூன்றாம் ஃபிரடரிக் வில்லியத்துக்கு, மேடு பள்ளம் வார்த்த ஓடுகளுடன் ஒரு மேஜையையே செய்து கொடுத்தார். அரண்மனைக்குச் சரி, முகாமுக்கு யார் தூக்கிப் போவது? அவரது மகன் 1824-இல் ஆட்டத்தைக் காகித வரைபடத்துக்கு மாற்றினார். அதன் பிறகே அது பிரஷ்ய ராணுவத்தின் பயிற்சிக் கருவியானது. 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதிய எச்.ஜி. வெல்ஸ், மரக்கட்டைகளால் வீடுகள் கட்டித் தரையிலேயே பொம்மைப் பீரங்கியால் சுட்டார். நிஜப் போருக்குப் பதில் இதை விளையாடலாமே என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

விரிப்பு செய்வது கடினமல்ல, அவசரம்தான் கெடுக்கும். வழக்கமான அளவு 6 அடிக்கு 4 அடி. துணியை இழுத்துப் பலகையில் ஆணியடிக்க வேண்டும். இல்லையென்றால் காயும்போது சுருங்கி ஓரங்கள் மடங்கும். பசையுடன் பழுப்பு வண்ணமும் சலித்த மணலும் கலந்து, துணியின் இழை மறையுமளவுக்கு மெலிதாகத் தேய்ப்பார்கள். தடிமனானால் சுருட்டும்போது வெடிக்கும். வண்ணத்தைப் பசையிலேயே கலப்பதற்குக் காரணமுண்டு: பிற்பாடு எங்காவது பெயர்ந்தாலும் உள்ளே வெள்ளை தெரியாது. பிளாஸ்டர் உதவாது, வளைத்தால் உடையும். சிலிக்கான் பசை வளையும், ஆனால் அதன்மேல் வண்ணம் ஒட்டாது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், டியூபில் எழுதியிருப்பதைப் படிக்காதவர் விரிப்பு முழுவதையும் குப்பையில் போட நேரும்.

ஈரம் காய்வதற்குள் மரத்தூள் புல்லைத் தூவ வேண்டும், அதுவும் திட்டுத் திட்டாக. சீராகத் தூவினால் பில்லியர்ட்ஸ் மேஜைதான் மிஞ்சும். முழுதாகக் காய்ந்த பின், வண்ணத்தில் தோய்த்துத் துணியில் நன்றாகத் துடைத்த தூரிகையை மேலாக இழுத்தால் மேடுகளில் மட்டும் வெளிர் நிறம் பிடிக்கும். வெயில் பட்ட மண் போலிருக்கும்.

மணலைச் சலிப்பது ஏன்? 28 மில்லிமீட்டர் பொம்மை வீரன் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு மனிதன். 2 மில்லிமீட்டர் மணல் அவனுக்கு 12 சென்டிமீட்டர் கல். அதே கணக்கில் மேஜை முழுவதுமே ஒரு கால்பந்து மைதானத்தைத் தாண்டாது. வாட்டர்லூவை அதில் எப்படி அடக்குவது? ஒரு பொம்மை இருபது, முப்பது வீரர்களுக்குச் சமம் என்று வைத்துக்கொள்கிறார்கள். நிலத்துக்கு வேறொரு அளவு. யாரும் உறுத்திக்கொள்வதில்லை.

அச்சிட்ட ரப்பர் விரிப்புகள் இன்று கடையில் கிடைக்கின்றன. பார்க்க அழகுதான், தடவினால் வழவழவென்றிருக்கும். கைவேலைக்காரர்கள் அதை ஏற்பதில்லை. இவர்களில் தீவிரமானவர்கள் கரடிப் பொம்மை தைக்கும் செயற்கை ரோமத் துணியை வாங்கி, முடிவெட்டும் மெஷினால் மழித்துக் கோதுமை வயலாக்குகிறார்கள். அதை மட்டும் வீட்டுக்குள் செய்யாமலிருப்பது குடும்பத்துக்கு நல்லது. ரோமம் பல நாள் சாப்பாட்டில் வரும்.