கரும்பில் ஓடும் கார்

நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியாரின் பழமையான சர்க்கரை ஆலையை அறியாதார் கடலூர் ஜில்லாவில் இல்லை. ஆயினும், சர்க்கரையைப் பிரித்தபின் எஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தெடுக்கும் எத்தனால், நாளைய மோட்டார் வாகனங்களின் ஜீவசக்தியாகக்கூடும் என்பதைச் சிந்திப்போர் சிலரே.

2023 ஆகஸ்ட் 29 அன்று புதுடில்லியில் மத்திய மந்திரி நிதின் கட்கரி அறிமுகம் செய்த டொயோட்டா இன்னோவா மாதிரிக் கார், எத்தனாலிலும், தானே உற்பத்தி செய்துகொள்ளும் மின்சாரத்திலும் ஓடும் வல்லமை பெற்றது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலினும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாயினும், பிரேக் பிடிக்கையில் விரயமாகும் சக்தியைப் பாட்டரியில் சேமித்து உதவும் மின்மோட்டார் அக்குறையை ஓரளவு நிவர்த்திக்கிறது.

கரும்போ மிகுந்த நீரை வேண்டும் பயிர். ஆதலின், நமது விவசாயிகள் சொட்டுநீர்ப் பாசனத்தைக் கைக்கொள்ள அரசாங்கமும் ஆலைகளும் துணைநின்றாலன்றி, இம்முயற்சி பூரண பலன் தராது.