மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தை மக்க வைத்தே இடுங்கள்

மடிவீக்கம், கழிச்சல் போன்ற நோய் கண்ட மாடுகளுக்குப் பென்சிலின், ஆக்சிடெட்ராசைக்ளின், என்ரோபிளாக்சசின் முதலிய ஆன்டிபயாடிக் மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. கொடுத்த மருந்து முழுவதும் உடலிலேயே செலவாகிவிடுவதில்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்தில் பெரும்பகுதி மாறாமலே சாணம், மூத்திரம் வழியாக வெளியேறுகிறது. பச்சைச் சாணத்தை அப்படியே வயலில் இட்டால் இம்மருந்தும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும் மண்ணில் சேரும். அக்கிருமிகள் தம் எதிர்ப்புத் திறனைப் பிற கிருமிகளுக்கும் கொடுக்க வல்லவை. பின்னர் மாட்டுக்கோ, வீட்டுக் குழந்தைக்கோ நோய் வரும்போது ஊசி பலிக்காமல் போகலாம்.

இம்மருந்துகளில் சில மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்தே கிடைத்தவை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அவ்வாறு பிரித்தெடுக்கப்பட்டது. அதுபோலவே, மருந்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் மண்ணிலும் சாணத்திலும் உள்ளன. அவை சுரக்கும் நொதிகள் மருந்தை உடைத்துச் செயலிழக்கச் செய்கின்றன. பென்சிலினை உடைக்கும் நொதி 1940-லேயே கண்டறியப்பட்டது.

இந்த நுண்ணுயிர்கள் நன்கு வேலை செய்யக் காற்று, ஈரம், சூடு மூன்றும் வேண்டும். குழியில் நீர் தேங்கிக் கிடக்கும் சாணத்தில் இவை அமைவதில்லை. ஆகவே கீழ்க்கண்டவாறு செய்யவும்:

1. மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன் பின் ஒரு வாரமும் அந்த மாட்டின் சாணத்தைத் தனியே சேர்க்கவும்.

2. அத்துடன் வைக்கோல், காய்ந்த சருகு கலந்து, மேட்டு நிலத்தில் 4 அடி அகலம், 3 முதல் 4 அடி உயரத்துக்குக் குவிக்கவும்.

3. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், நீர் ஒழுகக்கூடாது.

4. இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் சிறிது நேரம் செருகி எடுத்துப் பார்க்கவும். கை பொறுக்காத சூடு இருந்தால் குவியல் நன்கு வேலை செய்கிறது எனலாம். 55 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு சூடு ஏற்றது.

5. பத்து நாட்களுக்கு ஒரு முறை, வெளிப்புறம் உட்புறமாகுமாறு கிளறிவிடவும்.

6. மூன்று மாதம் கழித்து, மண்வாசனை வந்தபின் வயலில் இடவும்.

சூடேறிய குவியலில் டெட்ராசைக்ளின் சில வாரங்களில் பெருமளவு குறைந்துவிடும். நோய்க்கிருமிகளில் பலவும் மடியும். ஆனால் என்ரோபிளாக்சசின் எளிதில் சிதையாது. மண்ணில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் தங்கும். எனவே கால்நடை மருத்துவர் சொன்னாலன்றி ஊசி போட வேண்டாம். சொன்ன அளவையும் நாட்களையும் குறைக்கவும் வேண்டாம்.