கூரைமேல் சாய்ந்த கிளைக்கு யார் பொறுப்பு?

ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலானால் வானம் இருண்டு பேய்க்காற்று சுழன்றடிக்கிறதே, அப்போது உங்கள் கண் முதலில் எங்கே போகிறது? கொடியில் காயும் துணிக்கு. அடுத்து, கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கும் அந்தக் கிளைக்கு! கிளை உங்கள் கூரைமேல். மரமோ பக்கத்து வீட்டில். சொன்னால் சண்டை வரும், சொல்லாவிட்டால் உறக்கம் வராது. ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு தாமானில் அடுத்தடுத்து வீடு வாங்கியவர்கள்கூட ஒரு மாமரக் கிளையால் முகம் பாராமல் போனதுண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கிறீர்களா? முதலில் பார்க்க வேண்டியது கிளையை அல்ல, வேரை. அடிமரம் எவர் நிலத்தில் நிற்கிறதோ, மரம் அவருக்கே சொந்தம். நட்டவர் யார், தண்ணீர் ஊற்றியவர் யார் என்பதெல்லாம் கணக்கில் வராது. மலேசியாவின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம், மண்ணில் வளரும் மரஞ்செடிகளையும் நிலத்தோடு சேர்த்தே பார்க்கிறது.

தோட்டத்து மக்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். லயத்து வாசலில் உங்கள் பாட்டி ஊன்றிய மாங்கன்று இன்று நான்கு வீட்டுக்கு நிழல் தரலாம். பத்திரப்படி அது கம்பெனி மரம். ஆனால் மரம் கம்பெனியுடையது என்றால் பொறுப்பும் கம்பெனியுடையதுதானே! தொழிலாளர் குடியிருப்பைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் வீடமைப்புச் சட்டமும் கூறுகிறது. ஆகவே லயத்தில் இருக்கும்வரை பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்பதில் பொருளில்லை. இருவருமாகச் சேர்ந்து ஆபீசுக்குப் போங்கள்.

சொந்த வீட்டுக்காரர்களின் கதை வேறு. உங்கள் எல்லைக்குள் நீட்டியிருக்கும் கிளையை எல்லைக்கோடு வரை நீங்களே வெட்டலாம். 1890களில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் இப்படித்தான் தீர்ப்பளித்தது. மரக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை என்றது. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் வழியாக அந்த ஆங்கிலப் பொதுச்சட்டம் இங்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அவர் நிலத்தில் கால் வைக்கக்கூடாது. எல்லைக்கு அப்பால் ஓர் அங்குலம்கூடக் கத்தி போகக்கூடாது. சொல்லத் தேவையில்லை என்பது சட்டம். சொல்லாமல் வெட்டிவிட்டு, நாளைக்கு அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு போவீர்கள்?

இன்னொன்று. வெட்டிய கிளையும் அதிலுள்ள காயும் உங்களுடையவை அல்ல, மரக்காரரைச் சேர்ந்தவை. உங்கள் ஜன்னலருகே ரம்புத்தான் கொத்துக் கொத்தாகச் சிவந்து தொங்கினாலும், பறித்தால் அது பிறர் பொருள்தான். நடுநிசியில் 'தொப்'பென்று உங்கள் முற்றத்தில் விழும் டுரியானும் அப்படியே. (விழுந்த டுரியானைத் திருப்பிக் கொடுத்தவர் உண்டா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்!)

மரத்தையே அடியோடு சாய்க்க நினைக்கும் மரக்காரரும் சற்றுப் பொறுக்க வேண்டும். தீபகற்ப மாநிலங்களுக்கான 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995இல் சேர்த்த விதிப்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேலுள்ள மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பட்டுப்போன மரத்துக்கும், உடனே ஆபத்து விளைவிக்கக்கூடிய மரத்துக்கும் விலக்கு உண்டு. சாலையோர மரம் மன்றத்தின் பொறுப்பு. அங்கே புகார் செய்யுங்கள், கத்தியைத் தொடாதீர்கள். மின்கம்பியை உரசும் கிளை என்றால் பக்கத்திலேயே போகவேண்டாம், தெனாகாவுக்குத் தகவல் கொடுங்கள். பழைய லயத்து அஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஏறிக் கிளை கழிக்கும் வீரமும் வேண்டாம். தகடு உடைந்து உள்ளே விழுந்தால் இடுப்பு போய்விடும்.

சரி, கிளை முறிந்து விழுந்தே விட்டது, கூரையும் போயிற்று. நஷ்டஈடு கிடைக்குமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மரம் அவருடையது என்பதாலேயே அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. பார்வைக்கு நல்ல மரம், எதிர்பாராத புயலில் சாய்ந்தது என்றால் பெரும்பாலும் அவர்மேல் குற்றமில்லை. மரம் ஆபத்தானது என்று தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தும், சும்மா இருந்தாரா என்பதே கேள்வி. "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்று அவர் கையை விரித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வேலியோரம் நின்று பத்துத் தடவை சொன்னதற்குச் சாட்சி ஏது?

அதனால் எழுதிக் கொடுங்கள். தேதி, வீட்டு எண், மரம் நிற்கும் இடம், கண்ணால் கண்டது: அடியில் உளுத்திருக்கிறது, காளான் பூத்திருக்கிறது, கிளையில் வெடிப்பு ஓடுகிறது, போன மாதத்தைவிடச் சாய்ந்திருக்கிறது. கோபமான ஒரு வார்த்தையும் வேண்டாம். கைத்தொலைபேசியில் எடுத்த இரண்டு படங்களைச் சேருங்கள். ஒரு நகலை வீட்டில் வையுங்கள். நேரில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் மேனேஜர் பெயருக்கு எழுதி, நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, தொழிற்சங்கப் பிரதிநிதியிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள். இதை மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும்.