ஆவாரம் பட்டையும் அம்பாசடர் இருக்கையும்

சிங்கவரத்தின் சித்திரை நண்பகல் எத்தகையது என்று செஞ்சிப் பக்கத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் கருங்கல் குன்றுகள். பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொள்ளும் பாறை, பொழுது சாய்ந்த பின்னும் நெடுநேரம் அனலை உமிழும். அரங்கநாதர் குன்றின் அடிவாரத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய மகிழுந்தின் உள்ளே நிலைமை இன்னும் கடுமையானது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கண்ணாடி உள்ளே விடுகிறது. அவ்வொளியால் சூடேறிய இருக்கையும் முகப்புப் பலகையும் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை அது வெளியே விடுவதில்லை. சூடான காற்றுக்கும் வெளியேற வழியில்லை. வெளியே 40 பாகை செல்சியசு என்றால், உள்ளே காற்று 55 பாகையைக் கடக்கும். நேர்வெயில் படும் முகப்புப் பலகை 70 பாகையைத் தாண்டக்கூடும்.

பழம் மகிழுந்தின் உள்ளகத்தைப் புதுப்பிக்க எண்ணுவோர் முதலில் அறிய வேண்டியது இவ்வெப்பத்தையே. இயந்திரம் தேய்மானத்தால் கெடுகிறது; உடற்கூடு துருவால் கெடுகிறது. உள்ளகத்தில் துணி, தோல், நெகிழி, நுரை, நார், மரம், இரும்பு என ஒன்றுக்கொன்று ஒவ்வாத பொருள்கள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒரே வெயிலில் அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் அழிகின்றன.

தமிழ்நாட்டில் இன்று பழம் மகிழுந்து எனப் போற்றப்படுபவற்றுள் அம்பாசடரே மிகுதி. பிரித்தானிய மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதனை 1950களின் இறுதி முதல் 2014 வரை செய்துவந்தது. சென்னையிலோ ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு வண்டியைச் செய்தது. இவ்விரு வண்டிகளிலும் அமர்ந்து பழகியவர்க்கு ரெக்சின் உறையின் மணம் மறக்காது.

ரெக்சின் தொடக்கத்தில் ஓர் ஆங்கில வணிகப் பெயர். பருத்தித் துணியின்மேல் நைட்ரோசெல்லுலோசைப் பூசி, அது முறியாமல் வளைவதற்காக ஆமணக்கெண்ணெய் போன்றவற்றைச் சேர்த்துச் செய்த செயற்கைத் தோல் அது. நைட்ரோசெல்லுலோசு காலப்போக்கில் சிதைந்து நைட்ரசன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அவ்வமிலம் மேற்பூச்சின் சிதைவை மேலும் விரைவுபடுத்துவதோடு, அடியிலுள்ள பருத்தி இழையையும் அரிக்கும். மேலே பளபளப்பாகத் தோன்றும் பழைய உறை, தையலைப் பிரித்தவுடன் கையோடு கிழிந்து வருவது இதனால்தான்.

பிற்காலத்தில் ரெக்சின் என்ற பெயர் அப்படியே நிற்க, மேற்பூச்சு மட்டும் பி.வி.சி. ஆயிற்று. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. நம் வீட்டுக் குடிநீர்க் குழாயும் அதே பொருள்தான். நெகிழ்வூட்டி எனப்படும் எண்ணெய் போன்ற நீர்மத்தைக் கணிசமாகக் கலந்தால்தான் அது இருக்கைக்கு ஏற்ற மென்மை பெறும். இந்நெகிழ்வூட்டியின் மூலக்கூறுகள் பி.வி.சி.யோடு வேதிப் பிணைப்பால் கட்டுண்டவை அல்ல, இடையிடையே ஒண்டியிருப்பவை. சூடு ஏற ஏற, அவை மெல்லக் கசிந்து வெளியேறுகின்றன. முன்கண்ணாடியின் உட்புறத்தில் எத்தனை முறை துடைத்தாலும் மீண்டும் படியும் எண்ணெய்ப் படலத்தில் பெரும்பங்கு இதுவே. நெகிழ்வூட்டி போய்விட்டால் எஞ்சுவது விறைத்த ஏடு. முகப்புப் பலகை வெடிக்கும். இருக்கையின் மடிப்பில் கீறல் விழும். கறை போகட்டும் என்று மண்ணெண்ணெயால் துடைக்கும் வழக்கம் நம்மூரில் உண்டு. அதனை அடியோடு விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சிய நெகிழ்வூட்டியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வெதுவெதுப்பான நீரும் சிறிது மென்சோப்பும் போதும்.

அரசு அம்பாசடர்களின் இருக்கையில் வெள்ளைத் துண்டு விரித்திருந்ததைப் பலர் பதவிப் பெருமை என்று மட்டுமே கொண்டனர். அறிவியல் நோக்கில் அது சிறந்த காப்பு. வெண்மை ஒளியைத் திருப்பியனுப்பும், பருத்தி வியர்வையை உறிஞ்சும், புறஊதாக் கதிர் உறையைத் தொடுவதும் பெரிதும் குறையும். நாள்தோறும் எடுத்துத் துவைக்கவும் முடியும். புதுப்பித்த உள்ளகத்தை வெயிலில் நிறுத்த நேர்வோர்க்கு இதனினும் எளிய வழியை நான் அறியேன்.

உறைக்குக் கீழே மெத்தை. இக்காலத்துக் கடைகளில் பழைய நிரப்பைத் தூக்கியெறிந்துவிட்டு நுரையை வெட்டி வைத்துவிடுகிறார்கள். பாலியூரிதேன் நுரை மென்மையானதுதான்; ஆனால் ஒளியும் உயிர்வளியும் ஈரமும் அதன் மூலக்கூற்றுத் தொடரை அறுக்க, நாளடைவில் பொடியாகத் தொடங்கும். உண்மையான மாற்று நம் தோப்புகளில் இருக்கிறது. தென்னை நாரைக் கயிறாக முறுக்கி, அம்முறுக்கு நிலைக்குமாறு வைத்திருந்து, பின் பிரித்தால் ஒவ்வோர் இழையும் சுருண்ட வடிவத்திலேயே நிற்கும். அவ்விழைகளின்மேல் இரப்பர்ப் பாலைத் தெளித்து, கந்தகத்தின் துணையால் சூட்டில் இறுக்கினால், ஆயிரக்கணக்கான நுண்சுருள்வில்கள் சந்திப்புதோறும் ஒட்டிய மெத்தை கிடைக்கிறது. தென்னை நாரில் லிக்னின் மிகுதி, எளிதில் மட்காது. இடைவெளிகள் வழியே காற்று ஓடுவதால் வியர்வை தேங்காது. செருமனியின் வோக்ஸ்வாகன் பீட்டில் வண்டியின் இருக்கைகளிலும் தென்னை நார் இடம்பெற்றது. அவ்வண்டியைப் புதுப்பிக்கும் மேலைநாட்டார் இன்றும் அந்நார் மெத்தையைத் தேடி வாங்குகின்றனர். நாமோ நாரை எறிந்துவிட்டு நுரையை வாங்குகிறோம். இது எனக்கு உள்ளபடியே வருத்தம் தருவது.

இனித் தோல். இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட உயர்விலை வண்டிகள் பலவற்றில் தோல் இருக்கைகள் இருந்தன. கோவையில் 2015இல் திறந்த ஜி.டி. மகிழுந்து அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய வண்டிகளை நெருங்கிப் பார்க்கலாம். தோல் என்பது கொலாசன் என்னும் புரதத்தின் வலை. அப்புரதத்தின் வடிவத்தை உலகுக்கு உணர்த்தியது சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணை ஊடுகதிரால் ஆராய்ந்து, கொலாசன் மூன்று இழைகள் கூடிய சுருள் என்பதை 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே அவ்வடிவத்தைத் திருத்தி, மூன்று சுருள்களும் ஒன்றையொன்று மேலும் முறுக்கிக்கொண்டிருப்பதைக் காட்டினர். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருப்பதால்தான் அவ்விழைகள் அத்தனை நெருக்கமாகப் பின்ன முடிகிறது. 1948இல் தோன்றிய நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் அவர்களுக்கு அருகிலேயே இருந்தது.

பதனிடாத கொலாசனை நீரில் நனைத்துச் சூடாக்கினால் 60 பாகையை ஒட்டி முச்சுருள் அவிழ்ந்து, தோல் சடாரெனச் சுருங்கும். பதனிடுதல் என்பது இவ்வெல்லையை உயர்த்தும் கலை. பட்டைகளிலுள்ள டானின் இழைகளுக்கிடையே புகுந்து பிணைக்க, எல்லை ஏறத்தாழ 75 முதல் 85 பாகை வரை உயர்கிறது. குரோமிய உப்பால் பதனிட்டால் 100 பாகையையும் எட்டும். தமிழகத்தின் தொன்மையான முறை ஆவாரம் பட்டையில் ஊறவைத்துக் கடுக்காய் நீரில் முடிப்பது. செஞ்சிப் பக்கத்துத் தரிசுகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். அவ்வாறு பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரோடு 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து இலண்டன் சந்தைக்குச் சென்றது.

உலர்ந்த தோல் இவ்வெல்லைகளுக்கு மேலும் தாங்கும். நனைந்த தோலே எளிதில் சுருங்கும். ஆதலால் பழந்தோல் இருக்கையை நீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கண்ணாடியை ஏற்றி வெயிலில் காயவைப்பது பெருங்கேடு. ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுவதே முறை.

ஆனால் தோல் உயர்ந்தது என்பதற்காக ரெக்சினோடு வெளிவந்த அம்பாசடருக்குத் தோல் போர்த்துவதை நான் ஏற்கமாட்டேன். அவ்வண்டி எந்த மக்களுக்காக, எந்தச் செலவில், எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்பதற்கு அதன் உள்ளகமே சான்று. நம் சட்டமும் இவ்விடத்தில் துணைநிற்கவில்லை. 2021இல் வந்த நடுவண் விதிப்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகள் பழம் ஊர்தியாகப் பதிவு பெறலாம். அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்கிறது அவ்விதி. உள்ளகத்தைப் பெயர்சொல்லிக் குறிக்கவில்லை. சிங்கவரக் குன்றைக் காத்துவிட்டு, உள்ளே பள்ளிகொண்ட அரங்கனைக் கவனியாமல் விடுவது போன்றது இது.

மாற்றமே கூடாது என்பதும் என் கருத்தன்று. பழம் ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பு வகுத்த தூரின் சாசனம், தேவையான மாற்றம் அடக்கமாக இருக்கட்டும், மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாக இருக்கட்டும் என்கிறது. முன்னிருக்கைப் பாதுகாப்பு வார் 1994 முதல்தான் நம் நாட்டுப் புதிய வண்டிகளில் கட்டாயமாயிற்று. அதற்கு முற்பட்ட வண்டியில் வாரைப் பொருத்துவது உயிர் காக்கும் செயல். மெல்லிய தரைத்தகட்டில் வெறும் துளையிட்டு மாட்டினால் மோதலில் தகடே பிய்ந்துவரும். அடியில் பருமனான இரும்புப் பட்டையை வைத்து, விசையைப் பரப்பி இறுக்க வேண்டும்.

குளிர்சாதனம் பொருத்துவோர், அதிலிருந்து சொட்டும் நீருக்கு வடிகுழாய் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தரைவிரிப்புக்கு அடியில் தேங்கும் நீர் ஒரே மழைக்காலத்தில் தகட்டைத் தின்றுவிடும். பழைய டைனமோ அத்தனை மின்னோட்டத்தைத் தராது, ஆல்டர்னேட்டர் வேண்டும். மேலும், அக்காலப் பிரித்தானிய வடிவங்கள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். அதனை அறியாமல் இக்கால வானொலியை மாட்டினால் அது அப்போதே எரிந்துபோகும்.

புது உறை தைக்கக் கொடுக்குமுன், கதவின் உட்பலகையைக் கழற்றிப் பாருங்கள். இருக்கையின் அடியில் மடித்து ஆணியடித்த ஓரத்தையும் பாருங்கள். வெயில் படாத அவ்விடங்களில்தான் முதல்நாள் வண்ணம் மங்காமல் இருக்கும். கடைக்காரர் நீட்டும் மாதிரித் துண்டுகளை அதன்மேல் வைத்துப் பகல் ஒளியில் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். பிரித்த பழைய உறையை வெட்டிய வடிவம் குலையாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துவையுங்கள். நெகிழிப் பையில் வேண்டாம். சிதையும் பொருள் வெளிவிடும் அமில ஆவி அதற்குள் அடைபட்டு மிச்சத்தையும் அழித்துவிடும்.