வயசு என்று விட்டுவிடாதீர்கள்

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு ஏறியவர், அறுபதைத் தாண்டிய பின் பாதிப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ‘வயசாயிடுச்சு’ என்போம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால், வாரக்கணக்கில் விடாத எலும்பு வலியும் காரணம் தெரியாத ரத்தசோகையும் சேர்ந்து வந்தால், பழியை வயதின் மேல் போடக் கூடாது. அது மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம்.

பிரபல நாட்டுப்புறப் பாடகி சாரதா சின்ஹா 2024 நவம்பரில் மறைந்தபோது பலர் முதன்முறையாகக் கேள்விப்பட்ட நோய் இது.

எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களின் வேலை, கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை உருவாக்குவது. அவை புற்றாகிப் பெருகும்போது நல்ல ரத்த அணுக்களுக்கு இடமில்லாமல் போகிறது. உடம்பு வெளுத்து அசதி தட்டுகிறது. எலும்பு அரிக்கப்பட்டு, அதன் கால்சியம் ரத்தத்தில் ஏறுகிறது. உதவாத புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. இந்த நிலையில் மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை பல சமயம் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

முதலில் ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம் பாருங்கள். சாதாரண லேபிலேயே பார்க்கலாம். சந்தேகம் வந்தால் புரத எலக்ட்ரோபோரெசிஸ், பிறகு மஜ்ஜைப் பரிசோதனை.

எங்கே போவது? திருத்தணிப் பக்கத்திலிருந்து வருவோர் அரக்கோணத்தில் ரயில் மாறினால் காட்பாடி; அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. போகலாம். அங்கே 1986 முதலே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. சென்னை சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை. 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசுவோருக்குத் திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையும் பக்கம்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேளுங்கள். பொதுவான சந்தேகங்களுக்கு 104.

அடியோடு குணமாகும் என்று சொல்ல முடியாத நோய்தான். ஆனாலும் போர்ட்டிசோமிப், லெனலிடோமைட் போன்ற மருந்துகளாலும், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே திருப்பிச் செலுத்தும் சிகிச்சையாலும் பலர் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள்.

படிக்க விரும்புவோருக்கு, 1990-ல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச மைலோமா அறக்கட்டளை நோயாளிகளுக்கான கையேடுகளை இலவசமாகத் தருகிறது. படித்ததை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். படித்ததில் எழும் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். எந்த நிலை? சிறுநீரகம் எப்படி? அடுத்த பரிசோதனை எப்போது? தமிழோ தெலுங்கோ, உங்களுக்குப் புரியும் மொழியில் பதில் வரும்வரை கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் ஒரே ஃபைலில் வையுங்கள். போன வருடத்து ஹீமோகுளோபினையும் இந்த வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, வயசா நோயா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.