பழைய மோட்டர் வண்டியும் புதிய கணினியும்



1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டி நம் தெருக்களில் இன்றும் ஓடுகின்றது. தீப்பொறி எழவேண்டிய வேளையை அதிலே நிர்ணயிப்பவை, டிஸ்ரிபியூட்டரினுள் திறந்து மூடும் இரு சிறு முனைகளாகும். அவை தேயத் தேய வேளையும் பிறழும். ஆதலின் அப்பணியைக் கணினியிடம் ஒப்படைக்கச் சிலர் விரும்புகின்றனர். அதற்குமுன் அறியவேண்டியவை மூன்று.

முதலாவது, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இவ்வண்டியில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. கணினிக்கோ எதிர்முனை இணைந்திருத்தல் வேண்டும். டைனமோவின் காந்தமுனைத் தன்மையையும் மின்சுருளின் இணைப்புகளையும் அதற்கேற்ப மாற்றுதல் வேண்டும்.

இரண்டாவது, மின்சுருளில் ஓட்டம் அறும்போது நூற்றுக்கணக்கான வோற்று எழும். ஆகையால் பழைய முனைகளைக் கொண்டே கணினிக்குச் சைகை அனுப்புவதாயின், அவற்றை முதலில் மின்சுருளிலிருந்து பிரித்துவிடல் வேண்டும்.

மூன்றாவது, வேகம் கூடுங்கால் தீப்பொறியை முற்படுத்தும் எடைகள் டிஸ்ரிபியூட்டரினுள் உள்ளன. அவற்றை அசையாது பூட்டுதல் வேண்டும். இன்றேல் கணினியும் முற்படுத்த, எடைகளும் முற்படுத்த, தீப்பொறி அளவு மீறி முந்தும், எஞ்சின் தட்டும், நாளடைவிற் பிஸ்ரனும் பழுதாகும்.

எனவே, கணினியை விலைபேசுமுன், பற்றரியின் எம்முனை உடலோடு கட்டப்பட்டுள்ளது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.